மேசைக்கடியில் துரை

ஒரு நாய் பட்டினி கிடக்கக்கூடாது என்று பாடுபட்டு, கட்டிய மனைவியைப் பட்டினி போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், பாவம், நல்ல மனுஷன் தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் பரிதாபப்பட்டுவிடக்கூடும். தெரியாமல் செய்ததுதான். ஆனால் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் நாயின் விலா எலும்பைத் தடவிப் பார்த்துக் கவலைப்பட்ட நாட்களில், அவள் வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வருவதற்கு முன் நான் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டினேன். கித்தா என்று நாங்கள் சொல்கிற ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றிப் பார்வையிடுகிற உத்தியோகம் அவருக்கு. கல்யாணம் ஆகாதவர். உற்றார் உறவினர் எல்லாம் ஒரு நாய்தான். பழுப்பும் வெள்ளையுமான நடுத்தர உடம்பு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்திருக்கும். பின் ஸீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் தானும் பார்க்கும். தினமும் சாயங்காலம் கடலோரத்து ஹோட்டலுக்குப் போவார்கள். நான் கார்க் கதவைத் திறந்துவிட, துரை முன்னாலும் நாய் பின்னாலுமாகப் படியேறுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து வாயை நக்கிக்கொண்டு நாய் முதலில் வரும். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹோட்டலின் வாசற்படியோடு சரி.

வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சிங்கப்பூர் பக்கம் மூட்டை கட்டிய வாரத்தில் துரை என்னைக் கூப்பிட்டார். காரைத் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நாயின் தோல்வாரை என் கையில் கொடுத்தார். இரண்டு வாரம் பார்த்துக்கொள் என்றார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வழக்கம்போலக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. நாயோடு போய் நின்ற என்னை என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாயைப் பார்த்தாள்.

"வாசலத் தாண்டக்கூடாது, சொல்லிட்டேன். உள்ளார சாமி படம் இருக்கு."

"ரெண்டு வாரந்தான் புள்ள."

"நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும் அது புத்தி எங்க போகும்?" என்றாள். சொல்லிவிட்டு அவளே பழைய சாக்கு ஒன்றை உதறி, பின்கட்டில் கூரைக்கு அடியில் விரித்துப் போட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் போகும், கை வேறு பக்கம் போகும்.

நாய்க்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. ஜப்பான்காரன் ஊருக்குள் வந்த பிறகு அதை உரக்கச் சொல்ல எங்களுக்குப் பயம். ஆகவே அவள் அதைத் 'துரை' என்று கூப்பிட ஆரம்பித்தாள். துரை எழுந்தாரா, துரை குளிக்கிறாரா என்று கேலியாகத்தான் தொடங்கினாள். நாலு நாளில் அதுவே பெயராகிவிட்டது.

துரை சாப்பிடவில்லை. முதல் நாள் நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து, சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சிரட்டையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, பின்னங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் நாள் ரொட்டி கொடுத்தோம். மூன்றாம் நாள் கருவாடு சுட்டு வைத்தோம். தோட்டத்தில் ஓடின ஓணான் ஒன்றைப் பிடித்துத் தின்றதாக என் மனைவி சொன்னாள். ஆனால் நாங்கள் வைத்ததைத் தொடவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இந்த நாயிடம் பதினொன்றாவதாக ஏதோ இருந்தது போலும், அது பறக்கவில்லை.

எசமானை நினைத்து ஏங்குகிறது என்று நான் சொன்னேன். கண் பட்டுவிட்டது என்று அவள் சொன்னாள். உப்பும் மிளகாயும் எடுத்து, வாசலைத் தாண்டக்கூடாத அந்த நாய்க்கு வாசலில் நின்று சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் அது மூன்று முறை தும்மியது. அன்றைக்கும் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாயை இழுத்துக்கொண்டு, முச்சந்தியில் இருந்த கோப்பிக் கடைக்குப் போனேன். ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நடத்திய சின்னக் கடை. வட்டமான பளிங்கு மேசை நாலு, வளைந்த முதுகு வைத்த நாற்காலிகள். நான் உட்கார்ந்த மாத்திரத்தில் நாய் மேசைக்கடியில் புகுந்து, என் கால் இரண்டுக்கும் நடுவில் படுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. வீடு வந்து சேர்ந்தவர்கள் விடுகிற மூச்சு.

தவுக்கே கோப்பியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் கடை வைப்பதற்கு முன் பல வருஷம் வெள்ளைக்காரர் வீட்டில் சமையற்காரராக இருந்தவர்.

"துவான் பூஞா அஞ்சிங்?" என்று கேட்டார். துரை வீட்டு நாயா என்று.

ஆமாம் என்றேன். நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, ரொட்டியைப் பிய்த்து மேசைக்கடியில் நீட்டினேன். தவுக்கே என் கையைத் தட்டிவிட்டார்.

"லு மாக்கான் டூலு," என்றார். முதலில் நீ சாப்பிடு.

சாப்பிட்டேன். கடைசித் துண்டு மிஞ்சியபோது தவுக்கே ஒரு கோப்பித் தட்டைக் கொடுத்து, அதில் வைத்துக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன். நாய் எழுந்து நின்று, அவசரமே படாமல், ரொட்டியைத் தின்று தட்டையும் சுத்தமாக நக்கியது. தவுக்கே இன்னும் இரண்டு ரொட்டி கொண்டுவந்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சீனன் கடையில் உட்கார்ந்து ஒரு நாய்க்காக அழுதவன் காஜா பெராங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விஷயம் இவ்வளவுதான். அதற்குச் சாப்பாடு என்றால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, எசமான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருப்பது, அப்புறம் ஒரு தட்டு. குட்டியிலிருந்து அப்படிப் பழகியிருந்தது. நாங்களோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தோம். அதைச் சாப்பாடு என்றே அது எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் எப்போது சாப்பிடப்போகிறோம் என்று நாலு நாளாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரைக்கும் கேட்டது. ஆனால் ஒன்று சொன்னாள்: "கடையில நீங்க சாப்பிட வேணாம். அதுக்கு மட்டும் வாங்கிப் போடுங்க. வீட்டுல பொம்பள இருக்கிறப்ப கடையில சாப்பிட்டா, ஊரு என்னத்தான் பேசும்." சரி என்று தலையாட்டினேன். நான் சாப்பிடாமல் அது சாப்பிடாது என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கடைக்குப் போகக்கூடாது என்பாள் என்று பயம். முதல் தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஒரு மேசையை வாங்கி வீட்டில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டியைக் கவிழ்த்தாவது போட்டிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கடை பிடித்துவிட்டது. இத்தனை வருஷம் ஹோட்டல் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றவன் நான். இப்போது நான் நாற்காலியில் உட்கார, என் காலடியில் நாய் படுக்க, தவுக்கே கேட்காமலே கோப்பி கொண்டுவந்து வைக்க, ஒரு அரை மணி நேரம் நானும் ஒரு துரை. வெளியே ஊர் தலைகீழாகக் கிடந்தது. முச்சந்தியில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். நான் நின்றால் நாய் உட்காரும், அது அதன் பழக்கம். நான் குனிகிற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் அது மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் அந்தச் சிப்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்தது வேர்வைதான்.

இரண்டு வாரம் என்று சொன்ன துரையிடமிருந்து செய்தி ஏதும் வரவில்லை. எனக்கு ஒரு லோரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. பெட்ரோல் இல்லாத காலம். கரி எரித்து ஓட்டுகிற லோரி. மேடு வந்தால் இருமும், நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். புக்கிட் ரம்பாய் பக்கத்திலும் ஆயர் குரோ பக்கத்திலும் காட்டை அழித்து மரவள்ளி போட்டிருந்தார்கள். அந்தக் கிழங்கை ஏற்றி டவுனுக்குக் கொண்டுவருவேன். அந்த வேலைதான் என்னைக் காப்பாற்றியது. வேலை இல்லாத ஆண்பிள்ளைகளைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போனார்கள். போனவர்களைப் பற்றி வந்த பேச்சு எதுவும் நல்ல பேச்சாக இல்லை. லோரி ஓட்டுகிறவனைத் தொடமாட்டார்கள். அவன் ஓட்டுகிற வரைக்கும்.

முதல் வருஷம் சமாளித்தோம். பிறகு அரிசி குறைந்தது, அப்புறம் இல்லாமலே போய்விட்டது. காலையும் மாலையும் மரவள்ளிதான். அவித்த மரவள்ளி, அரைத்த மரவள்ளி, மரவள்ளி மாவில் ஒட்டுகிற ரொட்டி. கோப்பிக் கடையிலும் கோப்பி இல்லை. கருக வறுத்த சோளத்தைப் பொடித்துப் போட்ட கறுப்புத் தண்ணீர்தான். லோரிச் சாமான் இறக்கி முடித்ததும் உடைந்த கிழங்குகளில் கொஞ்சம் எனக்குக் கொடுப்பார்கள். வழியில் கடையில் பாதியைக் கொடுப்பேன். தவுக்கே அதை அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, எனக்கு ஒரு தட்டும் நாய்க்கு ஒரு தட்டுமாகக் கொடுத்து, மீதியைத் தன் குடும்பத்துக்கு வைத்துக்கொள்வார். இன்னொரு பாதி வீட்டுக்குப் போகும்.

இப்போது என் இரண்டாவது தப்பைச் சொல்ல வேண்டும். கடையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், அவள் எனக்கு முன்னால் கிழங்கை வைப்பாள். பசியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏன் பசியில்லை, எங்கே சாப்பிட்டீங்க என்று கேட்பாள். கொஞ்சம் புளியும் மிளகாயுமாக என்னத்தையோ போட்டு, அந்தச் சவசவத்த கிழங்கை அவ்வளவு பக்குவமாகச் செய்திருப்பாள். வேண்டாமென்றால் அவள் முகம் சுருங்கிப்போகும் என்று நினைத்தேன். ஆகவே வயிற்றில் இடமில்லாவிட்டாலும் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டுவிடுவேன். ஒரு துண்டு விடமாட்டேன். நன்றாக இருந்தது என்று வேறு சொல்வேன். அவளைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்று எனக்கு எண்ணம்.

"நீ சாப்பிடல?"

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிடறேன்."

இதே கேள்வி, இதே பதில், தினமும். எங்கள் வீடுகளில் கட்டியவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கட்டியவள் உட்காருவாள். உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறாள் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் தோன்றியதில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு நான் பின்கட்டுக்குப் போய் நாயின் உடம்பைத் தடவிப் பார்ப்பேன். இளைத்துவிட்டானே, இளைத்துவிட்டானே என்று புலம்புவேன். அவளும் கதவோரத்தில் நின்று, "ஆமா, துரை வாடிட்டாரு," என்பாள்.

அவள் வாடியது எனக்குத் தெரியாமல் இல்லை. ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். பாதி வாசல் பெருக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டு மீதியைப் பெருக்கினாள். ஆனால் ஊரே அப்போது இளைத்துத்தான் இருந்தது. யாரைப் பார்த்தாலும் கழுத்தெலும்புதான் முதலில் தெரியும். ஊரோடு ஒன்றாக அவளையும் சேர்த்துக்கொண்டேன். நாயை மட்டும் தனியாகப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டில் செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிறவர்கள். கோயில் குளம் எல்லாம் நம்மைப் போலத்தான். பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அக்காள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, மரவள்ளி மாவில் பலகாரம் செய்து கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்படிப் போன ஒரு நாள் என்னைப் பார்த்திருக்கிறாள். வேலி ஓரம் நின்று என் மனைவியிடம், "லக்கி லு மாக்கான் சாமா அஞ்சிங்," என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். உன் வீட்டுக்காரர் நாயோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பு மூட்டப்படவில்லை. என் மனைவி கால் நீட்டிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடையில தெனமும் சாப்பிடறீங்களா?"

நான் நாயின் தோல்வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"கேக்கறேன்ல. நாய்க்கு மட்டுந்தான்னு சொன்னீங்க. நீங்களுமா சாப்பிடறீங்க?"

"நான் சாப்பிடாட்டி அது சாப்பிடாது புள்ள. அதான்..."

"அப்ப வீட்டுல வந்து ஏன் சாப்பிட்டீங்க?"

"நீ ஆக்கி வச்சிருந்தியே. வேணாம்னா நீ சங்கடப்படுவேன்னு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் கத்தவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு சொன்னாள்:

"நாளைக்கு நானும் வரேன். அந்த நாய் எப்படிச் சாப்பிடுதுன்னு நானும் பாக்கணும்."

எங்கள் வீட்டுப் பெண்கள் கோப்பிக் கடைப் படி ஏறியதில்லை. தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். மறுநாள் அவள் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது அவள் மேல் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது. நான் முன்னால், நாய் நடுவில், அவள் பின்னால். முச்சந்தியில் மூவரும் சிப்பாய்க்கு மரியாதை செய்தோம். குனிந்து நிமிர்ந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, வெயில் என்றாள். வெயில் ஏறக்குறைய இறங்கியே விட்டிருந்தது.

நாற்காலியில் அவள் நுனியில்தான் உட்கார்ந்தாள். அது எந்த நிமிஷமும் அவளைத் தள்ளிவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். நாய் வழக்கம்போல மேசைக்கடியில் புகுந்தது. தவுக்கே அவளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு உள்ளே போய், இரண்டு தட்டு அவித்த கிழங்கு கொண்டுவந்தார். தேங்காயோடு அன்றைக்கு ஒரு கரண்டி தென்னை வெல்லப் பாகும் ஊற்றியிருந்தார். அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, தெரியாது. கடைக்கு முதல் தடவையாக வந்த பெண்ணுக்காக எடுத்திருக்கிறார்.

"சாப்பிடு," என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிடறேன்," என்றாள்.

சொன்னதோடு இல்லாமல், என் கவனம் தவுக்கேயிடம் போன நேரத்தில் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன். கடைசித் துண்டைக் கோப்பித் தட்டில் வைத்து, பாரு, இப்ப பாரு, என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கீழே வைத்தேன்.

நாய் தொடவில்லை.

என் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி அவள் பக்கம் போய், அவள் பாதத்தின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு, மேல்நோக்கி அவளையே பார்த்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வாசலைத் தாண்டக்கூடாது என்று வைத்த நாய் அவள் பாதத்தில் தலை வைத்துக் கிடந்தது.

"என்ன துரை, ஒடம்பு சரியில்லையா?" என்று குனிந்து கேட்டாள்.

தவுக்கே அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டியா துங்கு மெம்," என்றார். அது அம்மாவுக்காகக் காத்திருக்கிறது. பிறகு நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: வெள்ளைக்காரர் வீட்டு மேசையில் விருந்தாளி இருந்தால், விருந்தாளியும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மேசையில் ஒருத்தர் தட்டு தொடாமல் இருந்தால்கூட இந்த மாதிரிப் பழக்கிய நாய் வாய் வைக்காது.

நான் சிரித்தேன். "பாத்தியா? நீ சாப்பிட்டாத்தான் அது சாப்பிடுமாம். பாவம், சாப்பிடு."

அவள் தட்டைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். ஒரு சின்னத் துண்டை எடுத்து வாயில் போட்டாள். அதை மென்று விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. துண்டு துண்டாக இல்லை, கை நிறைய எடுத்தாள். மெல்வதற்குள் அடுத்த வாய் போனது. பாகு மோவாயில் வழிந்தது, துடைக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதையும் துடைக்கவில்லை. வளையல்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்குமாக ஓடி ஓடி வந்தன. தட்டை வழித்து, விரலையும் நக்கினாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவி சாப்பிடுவதைப் பார்த்தேன். பசியை எனக்கு அடையாளம் தெரியும். ஊரெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை அவளிடம் பார்க்கத்தான் ஒரு நாய் சொல்லித்தர வேண்டியிருந்தது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"ஏதோ சாப்பிடத்தான் செஞ்சேன். கீரை கிடைக்கும். தண்ணி குடிச்சா அடங்கிடும்."

"எத்தன நாளா புள்ள?"

"நீங்க லோரி ஓட்டறவங்க. தலை சுத்தி எங்கயாச்சும் விட்டுட்டீங்கன்னா வேல போயிடும். வேல போனா சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிடுவானுங்க. நான் வீட்டுல சும்மா இருக்கிறவதானே," என்றாள். நியாயமான ஒரு விஷயத்தைப் புரியாதவனுக்கு விளக்குகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். "நீங்க கடையில சாப்பிடறீங்கன்னு தெரிஞ்சிருந்தா நானே சாப்பிட்டிருப்பேனே."

நான் அவளைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று அவள் பங்கைத் தின்றிருக்கிறேன். அவள் என்னைச் சயாமுக்கு விட்டுவிடக்கூடாது என்று தன் பங்கை எனக்கு ஊட்டியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த பிரியத்தால் ஒரு ஆளைக் கொன்றிருப்போம்.

மேசைக்கடியில் சத்தம் கேட்டது. நாய் அப்போதுதான் எழுந்து, தன் தட்டிலிருந்த ஒரே துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தவுக்கே இன்னொரு தட்டுக் கிழங்கைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். அது அவர் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்திருந்த பங்காகத்தான் இருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மானத்தைவிட அன்றைக்கு அவள் வயிறு எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாளிலிருந்து கடைக்குப் போவதை நிறுத்தினேன். லோரிப் பலகை இரண்டைக் கேட்டு வாங்கி, சாமான் பெட்டி மேல் அடித்து ஒரு மேசை செய்தேன். ஒரு பக்கம் சரிந்து நிற்கும். அதற்கு ஏற்ற உயரத்தில் இரண்டு பெட்டி. நடுவீட்டில், சாமி படத்துக்கு எதிரிலேயே போட்டேன். துரை வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். அவள் சாமி படத்தை மட்டும் இன்னும் ஒரு முழம் உயரத்தில் மாட்டினாள்.

இருக்கிற கிழங்கைச் சரிபாதியாக இரண்டு தட்டில் வைத்து இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். முதல் சில நாள் அவளுக்குக் கூச்சம். புருஷனோடு சரிக்குச் சரி உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று தெருவே சிரிக்கும் என்றாள். சிரித்தார்கள்தான். அவள் கை தயங்குகிறபோதெல்லாம் மேசைக்கடியிலிருந்து நீளமாக ஒரு மூச்சு கேட்கும். "ஐயையே, சாப்பிடறேன் துரை, சாப்பிடறேன்," என்று அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வாள். நாங்கள் இருவரும் மிச்சம் வைத்ததுதான் அதற்குச் சாப்பாடு. சில நாள் அது ரொம்பக் கொஞ்சமாக இருந்தது. அதற்காக அது ஒரு நாளும் முந்திக்கொண்டதில்லை. வளையல்கள் முழங்கைக்குப் போவதை நிறுத்த இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. அரிசி மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. துரை, நிஜத் துரை, திரும்பி வரவில்லை. சிறையில் இருந்தார் என்று ஒருவர் சொன்னார், கப்பலேறியவரைக் காணவில்லை என்று இன்னொருவர் சொன்னார். ஒரு சமயம் கடலோரத்து ஹோட்டல் வழியாக நாயைக் கூட்டிப்போனேன். படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தானாகவே திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தது.

அதற்குப் பிறகும் அது நாலு வருஷம் இருந்தது. கண் மங்கி, மேசைக்கடியில் நுழைவதற்கே தடவித் தடவி வருகிற வயது வரைக்கும் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அங்கேயே படுத்தது, எழுந்திருக்கவில்லை. பின்கட்டில் புதைத்தேன். அவள் தன் பழைய நீலச் சேலையில் ஒரு பாதியைக் கிழித்து அதன்மேல் போர்த்தினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் சோறாக்கி மேசையில் எனக்குத் தட்டு வைத்தாள். ஒரே ஒரு தட்டு. நான் உட்கார்ந்தேன். அவள் கையில் கரண்டியோடு, அந்தக் காலத்தில் நிற்பதுபோல, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ?"

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு இன்னிக்கு வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

நான் சோற்றில் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறியது. அவள் கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். நான் அசையவில்லை. நீளமாக ஒரு மூச்சு மட்டும் விட்டேன்.

அவள் கரண்டியை வைத்தாள். "உங்ககிட்ட துரை கெட்டாரு போங்க," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டு விழுங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு, நான் சாப்பிட ஆரம்பித்தேன்.